முத்தம்மா இல்லாத படம்

“இதுவும் வேண்டாம். இதுலயும் அவ நிக்கறா பாரு!”

ருக்மிணி அந்தப் போட்டோவைக் கட்டிலின் மறுபக்கம் தள்ளினாள். அங்கே ஏற்கெனவே ஒரு குவியல் சேர்ந்திருந்தது. இந்தப் பக்கம், வேண்டியவை என்று ஒதுக்கியதில் முதல் ஆறு வயசுக்கு இரண்டே இரண்டுதான் தேறியிருந்தன.

மணி பன்னிரண்டாகப் போகிறது. மகள் இந்துஜா சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். ஒரு மணிக்குள் வந்துவிடுவாள். வெள்ளிக்கிழமை அவளுக்குக் கல்யாணம். புருஷன் வீட்டுக்குக் கிளம்பும்போது, வயசுக்கு ஒரு பக்கமாக இருபத்து நாலு பக்கம், அழகான ஆல்பமாகப் போட்டு அவள் கையில் கொடுக்க வேண்டும். அதுவரை அவளுக்குத் தெரியக் கூடாது.

ஸ்டூடியோவிலிருந்து வந்திருந்த இளவரசி தரையில் உட்கார்ந்து, படங்களின் பின்னால் பென்சிலால் எண் போட்டுக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயசிருக்கும். இந்த வடநாட்டு ஊரில் தமிழ்ப் பெண்ணாக வந்ததில் ருக்மிணிக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவளுடைய நிதானம் தாங்கவில்லை. வேண்டாம் என்று தள்ளியதையெல்லாம் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தாள்.

“ஜல்தி பண்ணும்மா, இந்துஜா வந்துடுவா.”

“இது எந்த வருஷம் ஆன்ட்டி?”

“எண்பது, எண்பத்தொண்ணு இருக்கும். மொட்டை மாடியில வெயில் காயறப்போ எடுத்தது. அதான் வேண்டாம்னு போட்டுட்டேனே!”

“நல்லா இருக்கே ஆன்ட்டி. பாப்பா வாயெல்லாம் சோறு. ஊட்டறவங்களும் சிரிக்கறாங்க...”

“ஊட்டறது நானா? முத்தம்மா! குழந்தையைப் பாத்துக்க வச்சிருந்த ஆயா.”

வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டது. ருக்மிணி ஓடிப்போய்த் திரையை விலக்கிப் பார்த்தாள். எதிர் குவார்ட்டர்ஸ்காரர். திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். உட்கார முடியவில்லை, எழுந்துகொண்டாள்.

“எங்க வீட்டுக்காரருக்கு ஷிப்ட் வேலை. பகல்ல வீட்ல இருக்கும்போது கேமராவும் கையுமா இருப்பார். எனக்கு லோதி ரோடுல ஆபீஸ். காலையில எட்டரை பஸ்ஸைப் பிடிச்சா, திரும்ப ஏழு மணி. குழந்தை தவழ்ந்தது, நடந்தது, விழுந்தது எல்லாத்துலயும் பக்கத்துல முத்தம்மாதான் இருக்கா. நான் எங்கேன்னு தேட வேண்டியிருக்கு. இதையா மகளுக்குக் குடுக்கறது?”

இளவரசி மறுபடியும் குவியலைக் கிளறினாள். பள்ளிக்கூட யூனிபார்மில் இந்துஜா முறைத்துக்கொண்டு நிற்கும் படத்தை எடுத்தாள். அதில் ஒரு கை குழந்தையின் கழுத்தில் தண்ணீர் பாட்டிலை மாட்டிக்கொண்டிருந்தது.

“முதல்முதல்ல அம்மான்னு கூப்பிட்டதே அவளைத்தான்” என்றாள் ருக்மிணி திடீரென்று. இதை அவள் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. “சாயங்காலம் வந்து கையை நீட்டுவேன். அவ தோள்ல முகத்தைப் புதைச்சுக்கும், என்கிட்ட வராது. ஆறு வயசு ஆனதும், இனிமே ஆள் வேண்டாம்னு நிறுத்திட்டேன்.”

“அப்புறம் அவங்க வரலையா?”

“ரெண்டு மூணு தடவை வந்தா. இந்துஜா ஸ்கூலுக்குப் போயிருக்கான்னு சொல்லி அனுப்பிட்டேன்.”

“நெஜமாவே ஸ்கூல்ல இருந்தாங்களா?”

ருக்மிணிக்குச் சுருக்கென்றது. யார் இவள், இதையெல்லாம் கேட்க? ஆனால் கோபப்பட நேரமில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டரை.

“இங்க பாரும்மா, உங்க கம்ப்யூட்டர்ல ஆளை எடுத்துட முடியும்னு சொல்றாங்களே, நெஜமா?”

“முடியும் ஆன்ட்டி. இடுப்புல வச்சிருக்கற படம்னா கொஞ்சம் கஷ்டம். பின்னாடி செடி, செவுரு ஏதாவது போட்டுக்கலாம்.”

“அப்படின்னா இது மொத்தத்தையும் எடுத்துட்டுப் போ. எல்லாத்துலேர்ந்தும் அவளை எடுத்துடு. குழந்தை மட்டும் இருந்தா போதும்.”

“அச்சா, ஆன்ட்டி.”

இளவரசி அந்தக் குவியலைக் கலையாமல் அள்ளி, தனியாக ஒரு கவரில் போட்டாள். கசங்கிய ஓரங்களை விரலால் நீவிவிட்டு மூடினாள். அரை மணி நேரமாக ஆமை போல இருந்தவள், இப்போது சட்டென்று எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். ருக்மிணிக்கு அப்பாடா என்றிருந்தது. ஒரு வழியாகக் கதவைத் திறந்துவிட்டாள்.

வாசற்படியில் இளவரசி நின்றாள்.

“புதன்கிழமை ஆல்பத்தைக் கொண்டுவந்து குடுத்துடறேன். ஒண்ணு கேக்கணும் ஆன்ட்டி.”

“என்ன? சீக்கிரம் சொல்லு.”

“எடுத்துடச் சொன்னீங்களே, அவங்களை... நான் எடுத்துக்கட்டுமா?”

“நீயா? உனக்கு எதுக்கு?”

“சின்ன வயசுலேர்ந்து கேட்டுக் கேட்டு, உங்க வீட்டு நம்பர் எனக்கு மனப்பாடம். ஆர்டர் புக்ல பாத்ததும் நானே போறேன்னு வந்தேன்” என்றாள் இளவரசி. “அம்மா போய் நாலு மாசம் ஆச்சு ஆன்ட்டி. மாலை போடறதுக்கு எங்க வீட்ல அவங்க படம் ஒண்ணுகூட இல்ல.”