ஒரு டீஸ்பூன்தான் அனுமதி

கோல் கம்பத்துக்கு முன்னால், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் புல்லில் ஒரு சொட்டை. வில்ஃப் உட்கார்ந்து டீ குடிக்கும் ஷெட் ஜன்னலுக்கு நேர் எதிரே.

மற்றபடி மைதானம் முழுக்க லங்காஷயர் மழையில் புல் பச்சைப் பசேலென்று நின்றது. முப்பது வருஷமாக வில்ஃப் வளர்க்கும் புல். பெண்டாட்டி ஐரிஸைக்கூட அவன் இவ்வளவு கவனித்ததில்லை. அதை அவளே கிளப் பாரில் எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரிப்பாள்.

பத்து மணிக்குக் கால்பந்து லீக்கிலிருந்து மைதானத்தைச் சோதிக்க ஆள் வருகிறார். இந்த முறை மதிப்பெண் ரொம்பச் சரிந்தால் பிளாஸ்டிக் புல் போட்டுவிடுவதென்று கிளப்பில் முடிவாகியிருந்தது. பிளாஸ்டிக்குக்கு வில்ஃப் எதற்கு?

கிளப் செயலாளர் நான். மார்ச்சிலிருந்து அவனிடம் கத்திக்கொண்டிருக்கிறேன். சொட்டையை வெட்டி எடுத்துவிட்டு, கோலுக்குப் பின்னாலிருந்து ஒரு துண்டுப் புல்லை மண்ணோடு பெயர்த்து வைத்தால் பத்து நிமிஷத்தில் தீர்ந்தது. கேட்டால்தானே. விதை போடுவான், மேலே மணல் தூவுவான், தண்ணீர் விடுவான். ஒன்றும் முளைக்காது.

ஜனவரியில் ஐரிஸ் போய்ச் சேர்ந்ததிலிருந்து ஆள் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கறாரில் மட்டும் குறைச்சலில்லை. எங்கள் கிளப் ரசிகர் யார் செத்தாலும் அஸ்தி மைதானத்துக்குத்தான் வரும். ஒரு டீஸ்பூனுக்கு மேல் வில்ஃப் விடமாட்டான். அதையும் மணலில் கலந்து, நடந்துகொண்டே மெல்லிசாகத் தூவ வேண்டும். போன மாதம்கூட, அப்பாவை டப்பாவோடு கொண்டுவந்த ஒருவனை விரட்டினான்.

"மொத்தமா கொட்டினா புல்லு கருகிடும். உங்கப்பாவுக்கே பிடிக்காது, போய்யா."

இன்று நானே மண்வெட்டியோடு இறங்கினேன். வில்ஃப் ஓடிவந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

"விடு. இன்னும் ஒரு வாரத்துல முளைச்சிடும்."

"ஒரு மணி நேரத்துல உன் வேலையே போகப்போகுது. ஒரு வாரமாம்."

அதற்குள் லீக் ஆள் வந்துவிட்டார். வயதானவர், ஒரு காலத்தில் அவரும் மைதானம் பார்த்தவர்தான். உள்ளங்கையால் புல்லை அழுத்தி அழுத்திப் பார்த்தபடி மைதானத்தைச் சுற்றி வந்தார். சொட்டைக்கு அருகில் குந்தி உட்கார்ந்தார். விரலால் மணலை ஒதுக்கினார்.

அடியில் வெள்ளை வெள்ளையாகப் பொடி தெரிந்தது.

அவர் தொப்பியைக் கழற்றினார்.

"யாரு?"

"என் வீட்டுக்காரி," என்றான் வில்ஃப். "தூவத்தான் கொண்டுவந்தேன். பிரிச்சுப் போடக் கை வரலை."

அவர் மணலைப் பழையபடி மூடினார். தாளில், 'கோல்கீப்பர் பூட்ஸால் கிளறியது' என்று எழுதி, ஒரே ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தார்.

கையிலிருந்த மண்வெட்டியை நான் மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.