கோழிக்கூட்டுத் தும்மல்

“ஏங்க, எல்லாக் கோழியும் தும்முது. மூச்சு கர்ரு கர்ருன்னு இழுக்குது” என்று பூங்கொடி கண்கலங்கினாள்.

“கோழிக்குப் போயி அழுவுதியாட்டி? பேசாம யாவாரிகிட்ட தள்ளிவிட்டுரு” என்றார் கணவர் கருத்தையா.

“பிள்ளை மாதிரி வளர்த்ததை விக்கவா? ஒங்களுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாது.”

கோழிகளைக் கூட்டில் அடைத்துவிட்டு, கோவில்பட்டியிலிருந்து வந்த கால்நடை டாக்டரை பஸ் ஸ்டாப்புக்கே போய் அழைத்து வந்தாள்.

டாக்டர் கூட்டைத் திறந்து தலையை நுழைத்தார். அடுத்த நொடி அவரும் அடுக்கடுக்காகத் தும்மினார்.

“ஐயையோ, சாருக்கும் ஒட்டிக்கிடுச்சே!”

கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகைந்துகொண்டிருந்த ஒரு சட்டியை டாக்டர் வெளியே எடுத்தார். “இதுங்களுக்கு நோய் இல்லம்மா. புகைதான் மூச்சை அடைக்குது. கூட்டுக்குள்ள சாம்பிராணி போட்டது யாரு?”

பூங்கொடி திரும்பிப் பார்த்தாள். கருத்தையா தலையைச் சொறிந்தார்.

“பக்கத்து வீட்டுக் கோழிக்குச் சளின்னாவ. பச்சப்பிள்ளையக் குளிப்பாட்டுனா சாம்பிராணி போடுவோம்லா? அதான், நீ இல்லாத நேரமாப் பார்த்து தெனமும்...”

பூங்கொடிக்கு அழுகை போய்ச் சிரிப்பு வந்தது. “இழுப்பு நிக்க ஏதாவது மருந்து எழுதுங்க சார்.”

“மருந்தெல்லாம் வேண்டாம். கோழிகளைக் காத்தாட வெளிய விடுங்க. அண்ணாச்சியைப் பிடிச்சுக் கோழி மூடுற பஞ்சாரத்துல கவுத்துப் போடுங்க!”