மெல்லத் தள்ளிய மின்சாரம்

ஒரு கருவிக்குள்ளே மயிரிழை அகலத்தில் ஒரு வாய்க்கால் இருந்தது. அதில் தண்ணீரைத் தள்ளிவிடுவது மின்சாரத்தின் வேலை. பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த சிலிக்கான் சில்லின் சூட்டை வாங்கிக்கொண்டு போவது தண்ணீரின் வேலை.

ஒருநாள் சில்லுக்கு வேலை அதிகமாகி உடம்பெல்லாம் கொதித்தது. "தாங்க முடியலைண்ணே, கருகிடுவேன் போலிருக்கு," என்று முனகியது.

மின்சாரத்துக்கு மனசு கேட்கவில்லை. தன் பலத்தையெல்லாம் கூட்டித் தண்ணீரைத் தள்ளியது. தண்ணீர் பாய்ந்தோடியும் சில்லின் சூடு ஏறிக்கொண்டேதான் போனது.

"இன்னும் வேகமா ஓடேன்," என்று மின்சாரம் கெஞ்சியது.

"ஓடுறேண்ணே. ஆனா நீ எனக்குள்ளே பாய்ஞ்சு இப்படித் தள்ளுறதுலயே நான் கொதிச்சுப்போறேன். அப்புறம் சில்லு, அவ சூட்டை எங்கே வாங்கி வைக்கிறது?" என்றது தண்ணீர்.

முனகலைக் கேட்டுக்கொண்டே கையை அடக்குவது மின்சாரத்துக்குப் பெரும்பாடாக இருந்தது. இருந்தாலும் தொட்டிலை ஆட்டுவதுபோல மெதுவாகத் தள்ளத் தொடங்கியது.

தண்ணீர் குளிர்ந்து வந்தது. சில்லின் ஓரமாக நிதானமாக நகர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டை வாங்கிக்கொண்டது. முனகல் அடங்கியது.

"அண்ணே, இருக்கியா? நீ தள்ளுறதே தெரியலையே," என்றது சில்லு.

"இருக்கேம்மா," என்றது மின்சாரம்.