பைக்கைக் கண்டுகொள்ளாத சிக்னல்

அந்தச் சந்திப்பில் பைக்கில் வருபவர்களைச் சிக்னல் கண்டுகொள்ளாது. பின்னால் ஒரு கார் வந்து நின்றால்தான் பச்சை விழும்.

வண்டி நிற்பதை உணரும் சென்சாரைச் சரிசெய்யப் போவதாகப் பலகை வைத்த மறுநாள் மெக்கானிக் வந்தார். சிகப்பில் ஒரு பெரியவரும் ஒரு பெண்ணும் தனித்தனி பைக்கில் நின்றிருந்தார்கள்.

"சுகர் டெஸ்ட் எடுத்தீங்களா?"

"எடுத்தேன், குறைஞ்சிருக்கு. குழந்தைக்கு ஜுரம் விட்டுச்சா?"

"விட்டுடுச்சு."

கார் வந்தது. பச்சை விழுந்ததும் பெரியவர் போய்விட்டார். அவள் மட்டும் பைக்கை ஓரங்கட்டினாள்.

"சார், இதைச் சரிபண்ணாம விட்டுடுங்களேன்."

"ஏம்மா?"

"அவர் என் அப்பா. நான் காதல் கல்யாணம் பண்ணதிலேருந்து வீட்டுக்கு வரமாட்டார், போனை எடுக்கமாட்டார். சிகப்பு விழுந்தா மட்டும் பேசுவார்."

மெக்கானிக் கருவிப் பையை மூடினார்.

"அவரும் நேத்து ஆபீசுக்கு வந்து இதையேதான் கேட்டார். காரணம்தான் சொல்லல."