பதினாலாவது நிமிஷம், இருபதாவது செகண்டு

சின்னச்சாமியை வாட்ஸப் குரூப்பை விட்டுத் தூக்கிய கையோடு ரேணுகாதேவி நிம்மதியாக ஒரு காபி குடித்தாள்.

இரண்டு வருஷமாக அவள் நடத்துகிற பாட்காஸ்டுக்கு 'ஃபியூஸ் போச்சா?' என்று பேர். அருப்புக்கோட்டையில் புருஷனின் எலெக்ட்ரிகல் கடையில் உட்கார்ந்து உட்கார்ந்தே மிக்ஸி, இன்வெர்ட்டர், பம்புசெட்டு மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டி என்று எல்லாவற்றையும் பிரித்து மாட்டப் பழகியவள். ஞாயிறு தவறாமல் பீரோவைத் திறந்து வைத்து, எதிரொலி வராமலிருக்கத் தொங்குகிற சேலைகளுக்கு நடுவே மைக்கை நீட்டி அரை மணி நேரம் பேசுவாள். முடிக்கும்போது, "குறை இருந்தா கூச்சப்படாமச் சொல்லுங்க" என்பாள்.

குரூப்பில் இருநூற்றுப் பத்துப் பேர். அதில் இருநூற்று ஒன்பது பேருக்குக் குறை என்றால் என்னவென்றே தெரியாது. கைதட்டல், ரோஜாப்பூ, 'அருமை அக்கா'. முடிந்தது.

பரளச்சிச் சின்னச்சாமி மட்டும் வேறு ரகம். வணக்கம் கிடையாது, அக்கா கிடையாது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு டாணென்று வந்து நிற்பார்.

'பதினாலாவது நிமிஷம், இருபதாவது செகண்டு. குக்கர் விசில். என்ன சொன்னீங்க?'

'எட்டாவது நிமிஷம். சிவப்பு ஒயரா, நீல ஒயரா?'

போன வாரம் வந்ததுதான் அவளை உசுப்பிவிட்டது. 'சிரிச்சுக்கிட்டே பேசாதீங்க. வார்த்தை முழுங்குது.'

கான்வென்ட்டில் பேச்சுப் போட்டிக் கோப்பை வாங்கியவளிடம் இந்த வார்த்தை. தூக்கிவிட்டாள். 'நல்ல காரியம் பண்ணீங்க அக்கா' என்று அதற்கும் பதினோரு பேர் கைதட்டினார்கள்.

புருஷன் நவநீதகிருஷ்ணன் தோசையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டார். "குறை சொல்லச் சொன்னதே நீதான?"

"சொல்லுங்கன்னா உடனே சொல்லிருவாங்களா?"

"கடையில நானும்தான் 'புகார் இருந்தால் சொல்லவும்'னு போர்டு மாட்டியிருக்கேன். வந்து சொல்றவன் கிட்ட மூஞ்சிய எப்படி வெச்சுக்கிறேன்னு எனக்குல்ல தெரியும்" என்று சட்னியைத் தொட்டுக்கொண்டார்.

அந்த ஞாயிறு, மோட்டார் ஸ்டார்ட்டரில் காயில் என்கிற கம்பிச்சுருளை மாற்றுவது எப்படி என்று பேசி நெட்டில் ஏற்றிவிட்டாள். ஏற்றுமுன் ஒருதரம் போட்டுக் கேட்கும் வழக்கமெல்லாம் அவளுக்கு இல்லை. குறை இருந்தால்தான் திங்கட்கிழமை வந்துவிடுமே.

திங்கட்கிழமை எட்டு மணிக்குக் கை தானாகப் போனைத் தேடியது. தூக்கினது ஞாபகம் வந்து, ஒரு குறையும் இல்லை என்று சந்தோஷப்பட்டுக்கொண்டாள்.

புதன்கிழமைக்குள் எழுபத்து மூன்று பாராட்டு. பந்தல்குடிப் பால்பாண்டி, 'இதுவரை போட்டதிலேயே இதுதான் டாப்பு' என்று எழுதியிருந்தார். அந்த டாப்பு எப்படித்தான் இருக்கிறது, நாமும் கேட்போமே என்று மாவரைத்தபடி போட்டாள்.

மூன்றாவது நிமிஷத்தில் அவள் குரல் நின்றது.

கிரைண்டரை நிறுத்தினாள். சத்தத்தைக் கூட்டினாள். போனைக் காதோடு ஒட்டினாள். மைக் ஒயர் கழன்றிருக்க வேண்டும். மிச்சம் இருபத்தேழு நிமிஷமும் ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை.

அந்த மௌனத்துக்குத்தான் எழுபத்து மூன்று கைதட்டல்.

மாவுக் கையைத் துடைத்துவிட்டு, சின்னச்சாமியின் பழைய செய்திகளைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றாய்ச் சரிபார்த்தாள். பதினாலாவது நிமிஷம், நிஜமாகவே குக்கர். எட்டாவது நிமிஷத்தில் சிவப்பு என்றும் சொல்லவில்லை, நீலம் என்றும் சொல்லவில்லை. 'அந்த ஒயரு' என்று சொல்லிப் போயிருந்தாள். சிரித்த இடத்தில் விழுங்கிய வார்த்தை, 'மெயினை ஆஃப் பண்ணிட்டு'.

நூறு ஞாயிற்றுக்கிழமை தொண்டைத் தண்ணி வற்றப் பேசியதைக் கடைசி வரைக்கும் கேட்டது ஒரே ஒரு ஆள். அந்த ஆளைத்தான் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறாள்.

அவரைத் திரும்பக் குரூப்பில் சேர்த்தாள். அது போதாது என்று பட்டது. மூன்று தரம் போனை எடுத்து வைத்து, நாலாவது தரம் போன் போட்டே விட்டாள். எடுத்ததும் முதலில் கேட்டது ஆடு கத்துகிற சத்தம். பிறகு, வயசான குரல்.

இன்னார் என்று சொன்னாள். தப்பு தன் பேரில்தான் என்று சொன்னாள். அவள் வாயில் அது லேசில் வருகிற வார்த்தை இல்லை.

"அதுக்கென்ன தாயி, விடுங்க" என்றார் அவர். "ஞாயித்துக்கிழமை கடைசி வரைக்கும் கேட்டேன், நடுவுல எங்கயாவது பேசிருவீகளோன்னு. ஒண்ணும் வரல. சொல்லலாம்னா குரூப்புல நான் இல்ல."

"உங்கள மாதிரி ஒரு நல்ல மெக்கானிக்கு எம் பேச்சைக் கேக்குறது என் பாக்கியம் அண்ணாச்சி" என்றாள்.

"நான் எங்க தாயி மெக்கானிக்கு? ஆடு மேய்க்கிறேன். பல்பு மாட்டக்கூடத் தெரியாது."

"அப்புறம் எதுக்கு அண்ணாச்சி, நிமிஷம் செகண்டு போட்டு இவ்வளவு கேள்வி?"

"எல்லாம் எங்க வீட்டுக்காரி ராக்கம்மாளுக்குத்தான். இன்னைக்குச் சுத்துப்பட்டு மோட்டார் பூராத்தையும் அவதான் பாக்குறா. எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுதான் தாயி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"அவுகளே எங்கிட்டக் கேட்டிருக்கலாமே?"

"அவளுக்குக் காது கேக்காது தாயி. நீங்க பேசப் பேச நான்தான் நோட்டுல எழுதிக் குடுப்பேன். ஒரு வார்த்தை விட்டுப்போனாலும், கரண்டுல கை வைக்கிறது அவதான?"