டச்சு ஓவியத்தில் இருந்தபடியே

பனிமூட்டத்தில் கேமராக் குழுவோடு வந்த இயக்குநர் முகுந்தன், குன்னூர் எஸ்டேட்டில் தொழிலாளர் லைன் வீடு ஒன்றுக்குள் எட்டிப் பார்த்துச் சொக்கிப்போனார். சாவுக் காட்சிக்கு மாதிரியாக உதவி இயக்குநரிடம் அவர் கொடுத்திருந்த டச்சு ஓவியம் அப்படியே உயிர் பெற்றிருந்தது. ஒற்றை விளக்கு, கிடத்தப்பட்ட கிழவி, சுற்றிலும் பெண்கள்.

"ஆக்‌ஷன்!"

தலைமாட்டில் இருந்தவள் கதறினாள்.

"கட்! சத்தம் கூடாதும்மா. ஓவியத்துல அழுகை கண்ணுலதான் இருக்கு."

அவள் உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள். காட்சி ஓகே ஆனது.

உதவி இயக்குநர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "சார், நம்ம செட்டு அடுத்த லைன்ல!"

முகுந்தனுக்கு நிமிர்ந்து பார்க்கவே கூசியது.

அவள்தான் தயங்கிக் கேட்டாள்: "படக்காரங்க சொல்றபடி கேக்கோணும்னு எஸ்டேட் தொரை சொல்லியிருக்காருங்க. இனி எங்கம்மாவுக்கு அழுதுக்கலாங்களா?"