மேலே ஏறிய பாய்

கடிதம் பாயின் ஓரத்தில், தேநீர்த் தம்ளர் பக்கத்தில் கிடந்தது. சுஜாவின் கையெழுத்து, அவர்கள் சொல்லில் ஒப்பு, ஒன்றுதான் பாக்கி.

எழுதியது மாமனார் குற்றாலிங்கம். தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் குமாஸ்தா. மருமகளின் ராஜினாமாவை மார்ஜின் விட்டு, அவளைக் கேட்காமலே எழுதி முடித்திருந்தார். காரணம், உடல்நலக் குறைவு. அவளுக்கு ஒரு தும்மல்கூடக் கிடையாது.

அவள் கோபித்துக்கொண்டு கொல்லயில் ஊரிலுள்ள தன் பிறந்த வீட்டுக்கு வந்து பதினேழு நாள். பாரலல் காலேஜ் என்ற தனியார் டுடோரியலில் புவியியல் எடுப்பதை விட்டால் கூட்டிப் போவார்களாம். இல்லையென்றால் இங்கேயே கிடக்க வேண்டியதுதானாம்.

"பொண்ணாப் பொறந்தவ தாழ்ந்துதான் போணும் மக்கா. ஒப்பிடு" என்றார் மாமனார்.

புருஷன் சுனில்குமார் அப்பாவின் பாயிலேயே உட்கார்ந்திருந்தான். மாமியார் நீலாம்பாள் சுவரோரம், மடியில் ஒரு துணிப்பை. பழம் கொண்டுவந்திருப்பாள் என்று நினைத்தாள் சுஜா. சமாதானம் பேச வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை.

சுஜாவுக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது.

எழுந்தாள். தான் உட்கார்ந்திருந்த பாயைப் பிடித்து, அவர்கள் பாய்க்கு அடியில் தள்ளினாள்.

"அந்தமான் பக்கம் எரிமலை புகையுதுன்னு பேப்பர்ல வாசிச்சேளே மாமா, ஏன்னு தெரியுமா? கடலுக்கடியில பூமியோட ஒரு தட்டு இன்னொண்ணுக்கு அடியில இப்படித்தான் தாழ்ந்து போகுது."

இன்னும் தள்ளினாள்.

"போனது சும்மா கிடக்காது. சில இடத்துல எழுநூறு கிலோமீட்டர் ஆழத்துலகூட நடுங்கும். அது கொண்டுபோன தண்ணியில பாறை உருகும். ஆனா எரிமலை வெடிக்கது எங்கன்னு நினைக்கேள்? மேல ஏறி இருக்கதுலயாக்கும்!"

மேல்பாயின் ஓரம் எழும்பியது. தம்ளர் கவிழ்ந்தது. கடிதத்தின் நீல மை தேநீரில் கலைந்து ஓடியது.

"வேற எழுதுவேன்" என்று குதித்தார் குற்றாலிங்கம்.

"எழுதுங்க. திங்கக்கிழமை எனக்குக் கிளாஸ் உண்டு."

அவர் துண்டை உதறி எழுந்தார். மகனும் எழுந்தான். "நீலா, வா."

முப்பத்தைந்து வருஷமாக அந்தக் குரலுக்கு ஓரடி பின்னால் நடந்தவள் இன்று எழவில்லை.

"ஏன் மக்கா, அவ்வளவு ஆழத்துல நடுங்கினா மேல உள்ளவங்களுக்குத் தெரியாதோ?"

"அநேகமாத் தெரியாது மாமி."

நீலாம்பாள் தலையாட்டிக்கொண்டாள். பிறகு புருஷனைப் பார்த்துச் சொன்னாள்.

"நீங்க போங்க. நான் இங்க நிக்கேன்."

பையைத் திறந்தாள். பழம் இல்லை. உடுத்த இரண்டு முண்டு, மேலே போட நேரியது, பல்பொடி டப்பா.

காலையில் புறப்படும் முன்பே மடித்து வைத்தவை.